போனவர்களும் இருந்தவர்களும்

1991 ஜனவரியின் கடைசி வாரத்தில் ஸியாத் பர்ரே என்னும் சர்வாதிகாரி மொகதிஷு நகரைக் கைவிட்டு ஓடியதற்குப் பிறகு, இருபத்தோர் ஆண்டுக் காலம், ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு வெளியிலிருந்து பெரிய விமானக் கம்பெனி எதுவும் அந்தத் தலைநகருக்குத் தன் விமானத்தை அனுப்பத் துணியவில்லை. 2012 மார்ச்சில் துருக்கி ஏர்லைன்ஸ் அந்த வழியைத் திறந்தபோது, இலண்டனிலும் டொரான்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் அமெரிக்காவின் மின்னியாபொலிஸிலும் பல்லாண்டுகள் வாழ்ந்துவிட்ட சோமாலியர்கள், நரைத்த தலையோடும், தாய்நாட்டை ஒருபோதும் கண்டிராத பிள்ளைகளோடும் அதில் ஏறத் தொடங்கினார்கள். சிலர் அமைச்சர் பதவியை நாடிச் சென்றார்கள். சிலர் பெற்ற தாயின் கல்லறையைத் தேடிச் சென்றார்கள். சிலர் தாம் விட்டுவந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சென்றார்கள். இவர்கள் அத்தனை பேரையும் தாயகம் திரும்புகிறவர்கள் என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவது எழுதுகிறவர்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம். உண்மை அவ்வளவு சுருக்கமானதன்று. ஒருவர் தம் ஜன்மபூமிக்குத் திரும்பிச் சேர்ந்துவிட்டாரா என்பதை, அங்கேயே இருந்து எல்லாத் துன்பங்களையும் பட்டுத் தீர்த்தவர்கள்தாம் தீர்மானிக்கிறார்கள் என்பதே, சோமாலியரின் சமீப காலச் சரித்திரத்தை ஊன்றிப் பார்க்கும்போது எனக்குப் புலனாகிற செய்தி.

சோமாலியர் கடல் கடந்து போவது 1991-ல் தொடங்கிய சங்கதியன்று. மழையின் போக்கை அனுசரித்து ஒட்டகங்களையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு இடம் மாறி இடம் மாறி வாழப் பழகிய அந்த மக்கள், ஆங்கிலேயர் ஏடன் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டு, 1869-ல் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்ட பின்னர், நீராவிக் கப்பல்களின் அடித்தளத்தில் கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்து, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்திலும் இலண்டனின் கிழக்குப் பகுதியிலும் குடியேறினார்கள். அந்தப் பழைய தலைமுறையின் கதை பெரும்பாலும் எழுதப்படாமலே போயிற்று. எழுதப்பட்ட ஒன்றோ நெஞ்சை வருத்துவது. மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிய மாலுமி, கார்டிஃபில் கடை வைத்திருந்த ஒரு பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1952 செப்டம்பரில் அந்நகரத்துச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று 1998-ல் மேல்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இடைப்பட்ட காலத்தில், 1996 வரையில், அவருடைய உடல் சிறைச்சாலை மண்ணுக்குள்ளேயே கிடந்தது. ஹர்கேஸாவில் 1981-ல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இலண்டன் சேர்ந்த நாதிஃபா முகமது இந்த வழக்கை எடுத்துக்கொண்டு எழுதிய நாவல் 2021-ல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அந்நிய மண்ணில் பிழைக்க வந்து, அந்நிய நீதியின் கையில் அகப்பட்டு மாண்ட ஒரு மனிதனை, அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின் அதே மண்ணில் வளர்ந்த பெண்ணொருத்தி எழுத்தில் மீட்டெடுத்ததும் ஒருவகைத் திரும்புதல் என்றே நான் கொள்ளுகிறேன்.

அந்த மாலுமிகளுக்கு ஒரு நிச்சயம் இருந்தது: சம்பாதித்த பிறகு போய்ச் சேர ஓர் ஊர் காத்திருக்கிறது என்ற நிச்சயம். 1988 மே மாதக் கடைசியில் அது தகர்ந்தது. வடக்கே புராவோவிலும் ஹர்கேஸாவிலும் கிளர்ச்சிக்காரர் புகுந்ததும், ஸியாத் பர்ரேயின் அரசாங்கம் தன் குடிமக்கள் வாழும் நகரத்தின்மீதே, அந்நகரத்து விமான நிலையத்திலிருந்தே போர் விமானங்களைக் கிளப்பிக் குண்டு பொழியச் செய்தது. பல்லாயிரவர் மாண்டார்கள், நகரத்தின் பெரும்பகுதி கூரையற்ற சுவர்களாக நின்றது, உயிர் தப்பியவர்கள் கால்நடையாக எத்தியோப்பிய எல்லையைக் கடந்து ஹர்தஷேக் என்ற பொட்டல்வெளியில் தங்க, அவ்விடம் உலகத்தின் மிகப் பெரிய அகதி முகாமாக ஆயிற்று, அது மூடப்பட்டது 2004-ல்தான். இன்று ஹர்கேஸாவின் நடுவீதியில், உயர்ந்த பீடமொன்றின்மேல், அந்த மிக் விமானங்களுள் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பீடத்தின் பக்கங்களில் அந்த நாட்களின் அவலத்தைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். அதன் நிழலில் வியாபாரிகள் கடை விரித்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்திறங்கும் பிள்ளைகளைப் பெற்றோர்கள் முதலில் அழைத்துச் சென்று காட்டுவது பெரும்பாலும் அந்த விமானத்தைத்தான்.

தெற்கே 1991-ல் அரசாங்கமே மறைந்தது. குலத்தலைவர்களின் படைகள் மொகதிஷுவைத் தெருத் தெருவாகப் பங்கு போட்டுக்கொண்டன. அதை அடுத்துப் பஞ்சமும் வந்தது. சோமாலியாவில் பிறந்து வெளிநாடுகளில் வாழ்கிறவர்களின் தொகை 1990-ல் ஏறக்குறைய எட்டரை லட்சமாக இருந்தது, 2015-ல் சுமார் 20 லட்சமாகப் பெருகியதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கென்யா, எத்தியோப்பியா, ஏமன் முதலிய அண்டை நாடுகளிலேயே தங்கியவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. இலண்டனுக்கும் மின்னியாபொலிஸுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள், இந்தப் பெருங்கூட்டத்தில் வாய்ப்புப் பெற்ற ஒரு பகுதியினரே.

ஆயினும் அவர்கள் அனுப்பிய பணம்தான் அரசாங்கமே இல்லாத நாட்டில் அடுப்பெரியச் செய்தது. மின்னியாபொலிஸில் சீடர்-ரிவர்சைடு என்ற பேட்டை; வர்ணப் பலகைகள் பதித்த உயரமான சிமெண்டுக் கோபுரங்களில் அடுக்கடுக்காகச் சோமாலியக் குடும்பங்கள். அங்கே இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் ஒரு பெண்மணி, சம்பளம் வந்த நாளில், கீழ்த்தளத்தில் ஹவிலாத் என்னும் பணம் அனுப்பும் கடைக்குப் போய், 200 டாலரை மேசைமீது வைக்கிறாள் என்று கொள்ளுங்கள். கடைக்காரர் பெறுகிறவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ளுகிறார். ஐயம் ஏற்பட்டால் பெறுகிறவர் எந்தக் குலம், எந்தக் கிளை, எந்தப் பாட்டனாரின் வழி என்றும் கேட்டுக்கொள்ளுகிறார். முகவரியும் அடையாளச் சீட்டும் இல்லாத தேசத்தில் வம்சாவளியே அடையாளச் சீட்டு. சில மணி நேரத்துக்குள் புராவோவிலோ கல்காயோவிலோ ஒரு கிழவியின் கையில் அந்தத் தொகை சேர்ந்துவிடுகிறது. இப்படிச் சேரும் தொகை ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல். வாடகை போக, மாதச் சீட்டுப் போக, பிள்ளையின் பள்ளிச் செலவு போக மிஞ்சுவதை அனுப்புகிறவர்கள் அல்லர் இவர்கள். முதலில் அனுப்பிவிட்டு மிஞ்சுவதைக்கொண்டு பிழைக்கிறவர்கள். 2001 நவம்பரில் அமெரிக்க அரசாங்கம் அல்-பரகாத் என்ற பெரிய ஹவிலாத் நிறுவனத்தைப் பயங்கரவாதத்துக்குத் துணைபோகிறதென்று சொல்லி மூடியது. செப்டம்பர் 11 தாக்குதலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததாகப் பின்னர் நடந்த விசாரணையில் நிரூபணமாகவில்லை. 2013-ல் பார்க்ளேஸ் வங்கி, தஹப்ஷீல் முதலான ஹவிலாத் நிறுவனங்களின் கணக்கை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தபோது, இலண்டன் ஒலிம்பிக்கில் இரட்டைத் தங்கம் வென்ற மோ ஃபாராவே முன்வந்து அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அந்தப் பணம் நின்றுபோனால் யாருடைய வயிறு காயும் என்பதை அவர்போல் அறிந்தவர்கள் இங்கிலாந்தில் வேறு யார்?

இவ்வளவும் செய்தவர்கள் திரும்பி வரும்போது ஊர் மக்கள் மாலையிட்டு வரவேற்பார்கள் என்று நினைப்பது இயல்பு. வரவேற்கத்தான் செய்கிறார்கள், ஆனால் சில வாரங்களிலேயே அவர்களைக் குர்பஜோக் என்று, அதாவது பரதேசத்தில் இருப்பவர் என்று, தனியாகப் பிரித்துப் பேசவும் செய்கிறார்கள். அந்தப் பேச்சில் பாசமும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. 2011-ல் பிரதம மந்திரியான அப்திவெலி முகமது அலி நியூயார்க் மாகாணத்துக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் போதித்தவர். அவருக்கு முன் அப்பதவியில் இருந்து, 2017-ல் குடியரசுத் தலைவராகவும் ஆன முகமது அப்துல்லாஹி ஃபர்மாஜோ அதே மாகாணத்தில் பஃபலோ நகரில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அவருடைய பிரதம மந்திரி ஹஸன் அலி கைரே நார்வே நாட்டுக் குடியுரிமை பெற்றவர். 2012-ல் இயற்றப்பட்ட தற்காலிக அரசியலமைப்புச் சட்டமும், வேறு நாட்டின் பிரஜையாகிவிட்ட காரணத்தால் ஒரு சோமாலியரின் குடியுரிமை பறிபோகாது என்று திட்டமாகச் சொல்லுகிறது. சட்டம் சரி. ஆனால் போர்க் காலத்தில் நகரத்தைவிட்டு நகராமல், குண்டு விழும் வீதி வழியே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஓர் ஆசிரியர், விமான நிலையத்தை ஒட்டிய பாதுகாப்பு வளையத்துக்குள்ளே ஓட்டல் அறையில் தங்கிக்கொண்டு, கோடைக்குக் குடும்பத்தைப் பார்க்க மேல்நாடு சென்றுவரும் ஓர் உயர் அதிகாரியைக் காணும்போது, இவருக்குப் போய்விட இன்னொரு பாஸ்போர்ட் இருக்கிறது, எனக்கு இல்லை என்று எண்ணினால், அதைப் பொறாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அது நியாயமான கேள்வி. ஃபர்மாஜோ 2019-ல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தது அந்தக் கேள்விக்குக் கிடைத்த காலங்கடந்த பதில் என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் கேள்விக்கு இடமே வைக்காமல் திரும்பியவர்களும் உண்டு. அவர்களுள் முதலில் வைத்துப் பேசத் தக்கவர் எட்னா அதான் இஸ்மாயில். 1937-ல் ஹர்கேஸாவில் பிறந்து, இங்கிலாந்து சென்று தாதித் தொழிலும் பிரசவ மருத்துவமும் கற்று, பிரதம மந்திரியின் மனைவியாக வாழ்ந்து, உலக சுகாதார நிறுவனத்தில் உயர்ந்த உத்தியோகம் வகித்து, ஓய்வுபெற்ற பின் எந்த மேல்நாட்டு நகரத்திலும் நிம்மதியாகக் காலம் கழித்திருக்கக்கூடிய அந்த அம்மையார், இடிந்து கிடந்த ஹர்கேஸாவுக்கு வந்து, குப்பைமேடாகக் கிடந்த ஒரு நிலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தம் சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் விற்ற காரின் பணத்தையும் போட்டு, 2002 மார்ச்சில் ஒரு மகப்பேறு மருத்துவமனையைத் திறந்தார். கட்டடத்தைக் காட்டிலும் பெரிய காரியம் அவர் அங்கே கிராமத்துப் பெண்களைக் கூட்டி வைத்து மருத்துவச்சிகளாகப் பயிற்றியது. பெண் குழந்தைகளின் உறுப்பைச் சிதைக்கும் கொடிய வழக்கத்தை எதிர்த்து, அதைப்பற்றி யாரும் வாய்திறவாத 1970-களிலேயே பகிரங்கமாகப் பேசியவர் அவர். சொந்த ஊரின் ஒரு பழக்கத்தை இவ்வளவு கடுமையாகக் கண்டித்தவரை ஊர் தன்னவராகவே வைத்துக்கொண்டாடுகிறதென்றால், அதற்குக் காரணம் அந்தக் கண்டனம் பிரசவ அறையின் வாயிலில் நின்றுகொண்டு செய்யப்பட்டது என்பதுதான்.

மொகதிஷுவிலும் இத்தகைய ஒருவர் உண்டு. பாகிஸ்தானில் பல் மருத்துவம் படித்துவிட்டு வந்த அப்துல்காதிர் அதான், காயம்பட்டவர்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடும் காட்சியைப் பொறாமல், தம் கைப்பொருளைக் கொண்டு ஒரு வண்டி வாங்கி, ஆமின் என்ற கட்டணமில்லாத ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார். 2017 அக்டோபர் 14-ந் தேதி ஸோபே சந்திப்பில் லாரிக் குண்டு வெடித்து 580-க்கும் மேற்பட்டோர் மாண்ட பயங்கரத்தில், அந்த ஆமின் ஆம்புலன்ஸ் வண்டிகளே முன்னின்று ஓடின.

திரும்புதலின் வேதனையை எழுத்தில் வடித்தவர் நூருத்தீன் ஃபாரா. 1945-ல் பைதோவாவில் பிறந்த அவர், நம் நாட்டுச் சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழக மாணவராக இருந்த காலத்தில்தான் தம் முதல் நாவலை எழுதினார். அது 1970-ல் வெளிவந்தது. பின்னர் எழுதிய ஒரு நாவல் பர்ரேயின் கோபத்தைக் கிளறவே, ஊர் திரும்பினால் சிறை என்ற நிலையில் தேசாந்திரியாகி, 1996-ல்தான் மீண்டும் அந்த மண்ணை மிதித்தார். அதன் பிறகு அவர் எழுதிய நாவல்களுள் மூன்றில் திரும்பி வருகிறவர்களே நாயகர்கள்: தாயின் கல்லறையைத் தேடி நியூயார்க்கிலிருந்து வரும் பேராசிரியர், குடும்பத்து வீட்டைப் பிடித்துக்கொண்ட படைத்தலைவனிடமிருந்து அதை மீட்க டொரான்டோவிலிருந்து வரும் பெண், மின்னியாபொலிஸிலிருந்து தீவிரவாதிகளிடம் ஓடிவிட்ட மனைவியின் மகனைத் தேடி வருகிற மாற்றுத் தகப்பன். மூன்றும் கற்பனை, மூன்றுக்கும் மெய்யான குடும்பங்கள் சாட்சி. மொகதிஷுவில் உரிமையாளர் ஓடிப்போன வீடுகளில் வேறு குலத்தார் குடியேறி, அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்துவிட்டார்கள். பத்திரம் ஒருவர் கையில், சாவி மற்றொருவர் கையில். அப்படிக் குடியேறியவர்களும் வேறோர் இடத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளாக இருக்கும்போது, நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் யாரைத் தெருவில் நிறுத்துவார்?

மூன்றாவது கதையின் மெய்யுருவம் இன்னும் கொடியது. 2007 முதல் மின்னியாபொலிஸ் இளைஞர் சிலர், தாயகத்தை அந்நியப் படையிலிருந்து மீட்பதாக எண்ணிக்கொண்டு அல்-ஷபாப் என்ற தீவிரவாதக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார்கள். 2008 அக்டோபரில் அவர்களுள் ஒருவன் வட சோமாலியாவில் வெடிகுண்டு நிறைந்த வண்டியை ஓட்டிச் சென்று தன்னையும் பிறரையும் மாய்த்துக்கொண்டான். பெற்றோர் வீட்டிலே சாம்பிராணிப் புகை மணக்க, பாட்டனாரின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கக் கற்று, வெளியிலே கறுப்பன் என்றும் முஸ்லிம் என்றும் இருமடங்காக ஒதுக்கப்பட்ட பிள்ளையின் மனத்தில், தான் காணாத தாய்நாடு எவ்வளவு எளிதாக ஒரு விக்கிரகமாகிவிடுகிறது! பிள்ளை வழிதவறிவிடுவானோ என்ற அச்சத்தினாலேயே வேறு சில பெற்றோர், தெருவில் கெட்டுப்போவான் என்று தோன்றிய மகனை டகன் எலிஸ் என்ற பெயரில் பண்பாடு கற்க ஊருக்கு அனுப்புகிறார்கள்; விடுமுறை என்று சொல்லி அழைத்துச் சென்று, பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு விட்டுவிட்டு வருவதும் உண்டு. சில இடங்களில் சீர்திருத்த இல்லங்கள் என்ற பெயரில் பிள்ளைகளை அடைத்து வைத்து அடிப்பதும் வெளிவந்திருக்கிறது. அன்பினால் செய்ததுதான், ஆயினும் அக்கிரமம். தாய்நாட்டைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, பிள்ளை அதை நேசிக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

ஹொதான் நலாயே வேறு வழியில் அந்தப் பிள்ளைகளிடம் போனார். லாஸ் அனோதில் பிறந்து, சிறுமியாகக் கனடா சேர்ந்து, பத்திரிகையாளராக வளர்ந்த அவர், சோமாலியா என்றதும் கடற்கொள்ளையும் பஞ்சமும் மட்டுமே காட்டப்படுவதைச் சகியாமல், மீன் பிடிக்கிறவர்களையும் புதிதாகக் கடை திறக்கிற இளைஞர்களையும் பள்ளி செல்லும் பெண்களையும் படம் பிடித்து இணையத்தின் வாயிலாக உலகமெங்கும் பரப்பினார். பிற்பாடு ஊரோடேயே வந்து தங்கினார். 2019 ஜூலை 12-ந் தேதி கிஸ்மாயோவில் ஓட்டல் ஒன்றைத் தீவிரவாதிகள் தாக்கியபோது கணவரோடு கொல்லப்பட்டார். அதே மாதத்தில், இலண்டனில் வாழ்ந்து, பின் மொகதிஷுவின் மேயராக வந்த அப்திரஹ்மான் ஒமர் உஸ்மான், தம் அலுவலகத்தில் நடந்த குண்டுவெடிப்பில் காயமுற்று ஆகஸ்ட் 1-ந் தேதி இறந்தார். போய்விட இன்னொரு தேசம் இருந்தும் போகாமல் இருந்தவர்கள் இவர்கள்.

இருந்தவர்களுக்குப் போனவர்கள் பட்டிருக்கும் கடனையும் சொல்ல வேண்டும். சோமாலி மொழிக்கு அரசாங்க முறையில் எழுத்து வகுக்கப்பட்டது 1972-ல்தான். அதுவரையில் கவிதையும் சரித்திரமும் வாயிலும் செவியிலுமே வாழ்ந்தன. பின்னர் ஒலிநாடாக்களில் வாழ்ந்தன. 1988-ல் குண்டு விழத் தொடங்கியபோது ஹர்கேஸா வானொலி நிலையத்தார் அந்த நாடாக்களை எடுத்து மண்ணுக்குள் புதைத்தும், எல்லைக்கப்பால் கொண்டுபோயும் காப்பாற்றினார்கள். பின்னாளில் அவையும், வீடு வீடாகச் சேகரித்த மற்றவையும், ஹர்கேஸா பண்பாட்டு நிலையத்தில் பத்தாயிரத்துக்கு மேல் அடுக்கப்பட்டுள்ளன. அந்த நிலையத்தை நடத்தி, 2008 முதல் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழாவும் நடத்திவரும் ஜமா மூஸா ஜமா, இத்தாலியில் நெடுங்காலம் வாழ்ந்த கணித அறிஞர். ஒருவர் புதைத்து வைத்தார். மற்றொருவர் வந்து கேட்கும்படி செய்தார். போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையில் நான் கண்ட உறவுகளுள் இதைவிட நிறைவானது வேறொன்றில்லை.

இவை யாவும் தாமாக மனமுவந்து திரும்பியவர்களின் கதை. திருப்பியனுப்பப்படுகிறவர்களின் கதை வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது பாவம். மொகதிஷுவில் நிலைமை சீரடைந்துவிட்டதென்று காரணங்காட்டி டென்மார்க் அரசாங்கம் 2017 முதல் சோமாலிய அகதிகள் பலருடைய அனுமதியை ரத்துசெய்தது; ஸோபே சந்திப்பில் குண்டு வெடித்ததும் அதே ஆண்டில்தான். கென்யாவின் வறண்ட வடகிழக்கில் 1991-ல் தொடங்கிய தாதாப் முகாம்களில், 2011 பஞ்சத்தின்போது ஐந்து லட்சம் பேர்வரை நெருங்கிக் கிடந்தார்கள். 2013-ல் கென்யா, சோமாலியா, ஐ.நா. அகதிகள் அமைப்பு மூன்றும் கையெழுத்திட்டு, விரும்பினவர்களை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தன; 2016-ல் முகாமையே மூடப்போவதாகக் கென்யா அறிவித்தது; அது அரசியலமைப்புக்கு விரோதமென்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் தடுத்தது. இதற்கிடையில் மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் பேருந்தில் ஏறிப் போனவர்களுள் எத்தனையோ குடும்பங்கள், மழையும் பள்ளியும் மருத்துவரும் இல்லாத ஊரில் சில மாதம் இருந்துபார்த்து, மறுபடியும் தாதாபுக்கே நடந்து வந்தன. வந்தவர்களுக்கு ரேஷன் அட்டை இல்லை. திரும்பிப் போய்விட்டவர்கள் என்று அவர்கள் பெயரை அடித்தாகிவிட்டது.

அந்த முகாம்களில் பிறந்தவர்கள் அங்கேயே பிள்ளைகளைப் பெற்றார்கள்; அந்தப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் கென்யா ஷிரிகா என்ற பெயரில் ஒரு திட்டத்தை வெளியிட்டு, முகாம்களை உள்ளூராரும் அகதிகளும் சேர்ந்து வாழும் ஊர்களாக மாற்றப் போவதாகச் சொல்லியிருக்கிறது. அது நிறைவேறினால் நல்லது. ஆனால் அங்கே குடியுரிமையும், வெளியே சென்று வேலை பார்க்கும் உரிமையும் உண்டா என்பதைக் கென்யா தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு நிலம் எது, கிணறு எங்கே, பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் என்பதை மொகதிஷு அரசாங்கம் முதலில் காட்ட வேண்டும். அதன் பிறகு பேருந்துகளை அனுப்பட்டும்.